சுபாவம் பார்த்துப் பழகுவது எப்படி? முன்பருவ ஆசிரியர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை குழந்தைகளின் சுபாவம் குறித்து வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். எழுதியவர்கள் பெரும்பாலும் அங்கன்வாடியிலும் நர்சரியிலும் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளோடு நாள் முழுக்க இருப்பவர்கள். கடிதங்களில் குழந்தைகளைப் பற்றிய விவரம் வருவதால் யார் பெயரையும் வெளியிடவில்லை.

மேற்பார்வையாளர், கடலூர் மாவட்டம்: என் பகுதியில் 25 மையங்கள். மாதக் கூட்டத்தில் சுபாவம் பற்றி இரண்டு மணி நேரம் வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஒன்பது வகைக் குணங்களையும் அட்டையில் எழுதி ஒவ்வொன்றாக விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆனால் மையங்களுக்குப் போய்ப் பார்த்தால் எதுவும் மாறவில்லை. எங்கே தவறு செய்தேன்?

அட்டையில் தவறில்லை, அட்டையிலிருந்து தொடங்கியதுதான் தவறு. அந்த ஒன்பதும் அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் தொடங்கிய நெடுங்கால ஆய்விலிருந்து வந்தவை. துறுதுறுப்பு, பசி-தூக்க ஒழுங்கு, புதியதை நெருங்குவதா விலகுவதா, மாற்றத்துக்குப் பழகும் வேகம், சத்தமும் வெளிச்சமும் தொடுதலும் எவ்வளவு உறைக்கிறது, உணர்ச்சியை எவ்வளவு தீவிரமாகக் காட்டுகிறது, பொதுவான மனநிலை, கவனம் கலைவது, விடாப்பிடி. தாங்கள் பார்த்த குழந்தைகளில் சுமார் 40 சதவீதத்தினர் எளிதில் பழகுபவர்கள், 10 சதவீதத்தினர் கடினமானவர்கள், 15 சதவீதத்தினர் மெல்லப் பழகுபவர்கள் என்று அவர்கள் பிரித்தார்கள். மீதி 35 சதவீதம் எந்தப் பெட்டியிலும் அடங்கவில்லை. இந்தக் கடைசி எண்ணைப் பயிற்சி வகுப்புகளில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். விளைவாக, பயிற்சி முடித்து வரும் பணியாளர் தன் மையத்துப் பிள்ளைகளை மூன்று பெட்டிகளில் போடத் தொடங்கிவிடுகிறார். ‘அடம்’ என்ற பழைய பெயர் போய் ‘கடினமான குழந்தை’ என்ற புதுப் பெயர் வருகிறது, அவ்வளவுதான்.

அவர்கள் தந்த சொற்களில் மிகவும் பயன்படுவது ‘பொருத்தம்’. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிற நமக்கு இதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் சுபாவமும், அந்த இடம் அதனிடம் கேட்பதும் ஒத்துப்போகிறதா என்பதே கேள்வி. ஒத்துப்போகாவிட்டால் முதலில் மாற்ற வேண்டியது இடத்தையும் நம் பேச்சையும்தான், ஏனென்றால் அவைதான் நம் கையில் இருக்கின்றன.

அந்த இரண்டு மணி நேரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். முதல் 25 நிமிடம்: ஆளுக்கு இரண்டு துண்டுத்தாள். தங்களைத் திணறவைக்கிற இரண்டு பிள்ளைகளை, மையத்தில் வாய்க்கு வரும் வார்த்தையிலேயே எழுதட்டும். சேட்டை, அழுமூஞ்சி, முரண்டு, ஊமை என்று வரும். அதைத் திட்டாதீர்கள். சுவரில் ஒட்டிவிட்டு, “அங்கே கேமரா வைத்திருந்தால் என்ன பதிவாகியிருக்கும்?” என்று கேளுங்கள். ‘முரண்டு’ என்று எழுதியவர், “கட்டைகளை எடுத்து வைக்கச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து ஒரு கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். ஏழெட்டு நிமிடம் அழுதான். கூடையை அவன் பக்கத்தில் நகர்த்தியதும் அவனே போட்டான்” என்று மாற்றி எழுத வேண்டும். அந்த மூன்றாவது வாக்கியத்தைக் கேட்டு வாங்காமல் விடாதீர்கள். எது அவனை அடக்கியது என்பது பணியாளருக்கு ஏற்கெனவே தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது.

அடுத்த 30 நிமிடம் பேச்சுக்கு. ஒரே சந்தர்ப்பத்துக்கு மூன்று விதப் பதில்களைச் சொல்லிப் பார்க்க வேண்டும்: கெடுப்பது, பரவாயில்லை, நல்லது. ஒரு பையன் வாசலில் அம்மாவின் முந்தானைக்குள் ஒளிகிறான் என்று வையுங்கள். “இவ்வளவு பெரிய பையன், வெக்கமா இல்லையா?” என்பது கெடுக்கும். “உள்ளே வா, செருப்பைக் கழட்டு” என்பது பரவாயில்லை. “புது இடம்னா உனக்குப் பார்க்கக் கொஞ்ச நேரம் வேணும். நான் பாய் விரிக்கப் போறேன், நீ ஒரு முனையைப் பிடிச்சுக்கிறியா கண்ணு?” என்பது நல்லது, ஏனென்றால் அது சுபாவத்தைக் குறையாகச் சொல்லாமல் சொல்கிறது, கைக்கு ஒரு வேலையும் தருகிறது. இங்கே ஒரு தவறு அடிக்கடி நடக்கும். நல்ல வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டு எரிச்சல் குரலில் சொல்வார்கள். பிள்ளையின் காதில் குரல்தான் விழும், வாக்கியம் விழாது. நாள் முழுவதும் நல்ல வாக்கியமாகவே பேச எவராலும் முடியாது. ‘பரவாயில்லை’ வாக்கியங்களே பெரும்பாலான நேரத்துக்குப் போதும். கெடுக்கிற வாக்கியங்களைக் குறைப்பதற்குத்தான் பயிற்சி.

பிறகு 30 நிமிடம் நடிப்பு. ஒருவர் குழந்தை, ஒருவர் டீச்சர். குழந்தையாக நடிப்பவருக்கு மட்டும் ஒரு சீட்டு: ‘உங்களுக்குக் குக்கர் விசில் சத்தம் தாங்காது’, ‘கையில் இருப்பதை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டீர்கள்’. டீச்சராக நடிப்பவர் சீட்டைப் பார்க்கக் கூடாது, கவனித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதன்பின் 25 நிமிடம் பணியாளரின் சொந்த சுபாவத்துக்கு. சத்தம் உங்களுக்கு எவ்வளவு தாங்கும், திட்டம் மாறினால் எரிச்சல் வருமா, எந்த மாதிரிப் பிள்ளையிடம் பொறுமை போகிறது? பக்கத்தில் இருப்பவரிடம் சொன்னால் போதும், சபையில் சொல்லவைக்க வேண்டாம். ஒழுங்கையும் அமைதியையும் விரும்புகிறவருக்குத் துறுதுறுப்பான பிள்ளை பெரிய சுமையாகத் தெரியும். கலகலப்பானவரின் மையத்தில் சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை நொந்துபோகும். உதவியாளர் எதிர்ச் சுபாவக்காரராக இருந்தால் அது வரம். காலையில் வாசலில் யார் நிற்பது, சாப்பாட்டு நேரத்தில் எந்தப் பிள்ளை பக்கத்தில் யார் உட்காருவது என்று இருவரும் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசி 10 நிமிடம் வீட்டுப்பாடம்: வருகைப் பதிவேட்டில் 4-ஆவது, 11-ஆவது பெயர். அந்த இரண்டு பிள்ளைகளையும் மூன்று நாள், நாளுக்கு மூன்று வேளை (வரும்போது, சாப்பிடும்போது, கிளம்பும்போது) ஐந்தைந்து நிமிடம் கவனித்து எழுத வேண்டும். பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும் வேலையை அவர்களிடம் விட்டால் எல்லோரும் அதிகச் சத்தம் போடுகிறவனையே எழுதி வருவார்கள். அடுத்த மாதக் கூட்டத்தை அந்த நோட்டிலிருந்தே தொடங்குங்கள். வீட்டுப்பாடத்தை யாரும் திருப்பிக் கேட்காததால்தான் பல பயிற்சிகள் வீணாகின்றன. மையத்துக்குப் போகும்போதும் பதிவேடுகளைப் புரட்டுவதற்கு முன்னால் 20 நிமிடம் பிள்ளைகள் வரும் நேரத்தில் ஓரமாக உட்கார்ந்து, பணியாளர் எழுதிய பிள்ளையை நீங்களும் பாருங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், திண்டுக்கல் மாவட்டம்: சேர்ந்து ஐந்து வாரமான 3 வயதுப் பெண் குழந்தை. வாசல் தூணைப் பிடித்துக்கொண்டே நிற்கிறாள். பாட்டு, கதை எதற்கும் வருவதில்லை. இங்கே ஒரு வார்த்தை பேசுவதில்லை, வீட்டில் வாய் ஓயாதாம். தூக்கி வந்து நடுவில் உட்காரவைத்தால் அவள் அழ, மற்றவர்களும் அழுகிறார்கள். அப்படியே விட்டுவிடலாமா, கட்டாயப்படுத்திப் பழக்கலாமா?

தூக்கி வந்து நடுவில் வைப்பதை இன்றோடு நிறுத்துங்கள். மெல்லப் பழகும் பிள்ளைக்குப் பார்ப்பதும் கலந்துகொள்வதுதான். தூணிலிருந்து பிரித்துத் தூக்கும்போது உங்கள் கையைப் பற்றி அவள் ஒரு முடிவுக்கு வருகிறாள். அதன்பின் நீங்கள் அருகில் வந்தாலே தூணை இறுக்கிக்கொள்வாள். அப்படியே விட்டுவிடுவதும் சரியல்ல. ஒதுங்கி நின்றால் நிம்மதி என்று பழகிவிட்டால், ஒதுங்குவது வளரும்.

முதல் வாரம், மற்றவர்களுக்கு 15 நிமிடம் முன்னதாக அழைத்துவரச் சொல்லுங்கள். நிறைந்த அறைக்குள் நுழைவது வேறு, அறை மெல்ல நிறைவதைப் பார்ப்பது வேறு. தூணுக்கு இரண்டு எட்டு தள்ளி நீங்கள் தரையில் உட்காருங்கள், முகத்துக்கு முகமாக வேண்டாம், பக்கவாட்டில். கேள்வியே கேட்காதீர்கள். “பேர் என்ன, என்ன சாப்பிட்டே?” என்பது நமக்குக் கொஞ்சல், அவளுக்குப் பரீட்சை. பெரிய பாட்டில் மூடிகளை நிறம் பிரித்து இரண்டு கிண்ணத்தில் போடுங்கள். (புளியங்கொட்டை, மணி வேண்டாம். இந்த வயதில் மூக்கிலும் வாயிலும் போகும்.) ஒரு கிண்ணத்தை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். “இது சிவப்பு, இந்தப் பக்கம்” என்று உங்களுக்கு நீங்களே பேசிக்கொள்ளலாம்.

இரண்டாம் வாரம், அவள் தெருவில் இருந்து வரும் அமைதியான ஒரு பிள்ளையை அந்த மூடி விளையாட்டில் சேருங்கள். ஒன்றுதான், இரண்டு வேண்டாம். மூன்றாம் வாரம், தூணுக்கும் வட்டத்துக்கும் நடுவில் ஒரு பாய். அதில் உட்கார்ந்தபடி செய்ய ஒரு வேலை, உதாரணமாகத் தட்டுகளை எண்ணி அடுக்குவது. நாள்தோறும் நோட்டில் ஒரே வரி: தூணிலிருந்து எத்தனை எட்டு வந்தாள், எவ்வளவு நேரம் நின்றாள். கண்ணுக்கு ‘ஒண்ணும் மாறலை’ என்று தோன்றும்போதும் நோட்டு வேறு கதை சொல்லும். ஒரு நாள் பின்வாங்கினால் பதற வேண்டாம். திங்கட்கிழமையும், காய்ச்சலுக்குப் பின் வரும் நாளும் அப்படித்தான் இருக்கும்.

அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும்: அவள் பார்க்காதபோது நழுவிப் போகக் கூடாது. நழுவினால் அடுத்த நாள் முழுக்க அவள் கண் வாசலிலேயே இருக்கும், பொம்மையைப் பார்க்க மாட்டாள். தினமும் ஒரே வாக்கியம், “சாப்பிட்டுத் தூங்கி எழுந்ததும் அம்மா வருவேன்”, சொல்லிவிட்டு உடனே கிளம்ப வேண்டும். ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கவும் கூடாது.

இது சுபாவம்தானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வீட்டில் தாராளமாகப் பேசுகிறாள் என்பது நல்ல அறிகுறி. இடம் பழகாததால் வரும் மௌனத்தில், சேர்ந்த முதல் மாதத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. அதன்பின்னும் ஒரு மாதத்துக்கு மேல் மையத்தில் ஒரு சொல்கூட வராவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். வீட்டிலும் பேச்சு இல்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, நீங்கள் சுட்டிக்காட்டுவதைப் பார்ப்பதில்லை, பேசிய சொற்கள் நின்றுபோயின என்றால் ‘கூச்சம்’ என்று ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் காது பரிசோதனை. ஆர்.பி.எஸ்.கே. (குழந்தைகளுக்கான அரசின் உடல்நலப் பரிசோதனைத் திட்டம்) மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறைதான் வரும். அதற்காகக் காத்திருக்காமல் கிராம சுகாதார செவிலியர் மூலம் வளர்ச்சித் தாமதங்களைச் சிறு வயதிலேயே கண்டறிந்து உதவும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

நர்சரி ஆசிரியை, கோவை: 4 வயதுப் பையன். ஒரு இடத்தில் உட்கார மாட்டான், பக்கத்தில் இருப்பவர்களை அடிக்கிறான். ‘ஹைப்பர் ஆக்டிவா என்று டாக்டரிடம் கேட்டு வாருங்கள்’ என்று பெற்றோரிடம் சொல்லச் சொல்கிறார் எங்கள் முதல்வர். சொல்லலாமா?

அந்தப் பெயரை நீங்கள் சொல்ல வேண்டாம். கவனக்குறைவு-மிகை இயக்கக் கோளாறு என்று மருத்துவர் முடிவுசெய்ய, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும், இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். வகுப்பில் மட்டும் நடந்தால் முதலில் வகுப்பைத்தான் பார்க்க வேண்டும்.

ஐந்து நாள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு அடித்தான், அதற்கு முந்தைய நிமிடம் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது. பெரும்பாலும் அடி நாள் முழுக்கப் பரவியிருக்காது. இரண்டு மூன்று நேரங்களில் குவிந்திருக்கும், அவற்றில் பல வரிசையில் நிற்கும் நேரமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 பிள்ளைகள், ஒரே குழாய், ஆளுக்கு அரை நிமிடம்: கடைசியில் நிற்பவன் பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். துறுதுறுப்பான உடம்புக்கு அது ஆகாத காரியம். ஐந்தைந்து பேராக அனுப்பி, மற்றவர்கள் பாட்டில் இருந்தால் காத்திருப்பு இரண்டரை நிமிடமாகக் குறைகிறது. அவனை முதல் ஐவரில் சேர்த்து, கை கழுவியதும் தண்ணீர் பாட்டில் கூடையைத் தூக்கிவரும் வேலையைக் கொடுங்கள். தள்ளுவது, தூக்குவது, சுமப்பது இவன் உடம்பை நிதானப்படுத்தும்.

“இன்னும் அஞ்சு நிமிஷம்தான்” என்பது 4 வயதுக்குப் புரியாது. “இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வா” என்பது புரியும். தண்டனையாக வெளி விளையாட்டை மட்டும் பிடுங்காதீர்கள். ஓடி ஆடாத நாளின் பிற்பகலில் அவன் அதிகம் அடிப்பான். நோட்டில் எழுதினால் நீங்களே பார்ப்பீர்கள்.

அடி விழும் அந்த நேரங்களில் அவனுக்குக் கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். கை ஓங்கினால் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்து, “அடிக்க விட மாட்டேன்” என்று மட்டும் சொல்லுங்கள். அடி விழுந்துவிட்டால் முதலில் அடிபட்ட பிள்ளையிடம் போங்கள். அடித்தவனுக்கு மூச்சு சீராகும் வரை புத்திமதி வேண்டாம், அது ஏறாது. ‘ஸாரி சொல்லு’ என்று கட்டாயப்படுத்துவதைவிட, அடிபட்டவனுக்கு ஈரத்துணி எடுத்துவரச் சொல்லுங்கள். இரண்டு மாதம் இதையெல்லாம் செய்தும் குறையவில்லை, வீட்டிலும் அப்படியே என்றால், அந்த நோட்டைப் பெற்றோரிடம் கொடுத்துக் குழந்தை நல மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். ஒரு பட்டப்பெயரைவிட ஐந்து நாள் குறிப்பு அவருக்கு நூறு மடங்கு உதவும்.

அங்கன்வாடி உதவியாளர், தஞ்சாவூர்: சத்துமாவு உருண்டையை வாயில் வைத்தாலே ஒரு பையன் குமட்டுகிறான். செல்லமா, திமிரா?

இரண்டும் இல்லாமல் இருக்கலாம். நாக்கில் படும் நெருநெருப்பு சிலருக்கு மிக அதிகமாக உறைக்கும். அப்படிப்பட்ட பிள்ளை பல நேரம் சட்டைக் கழுத்துப் பட்டியையும், மிக்ஸி சத்தத்தையும் தாங்காது, அதையும் கவனியுங்கள். மாவைச் சலித்து, கட்டியில்லாமல் கூழாகக் காய்ச்சிப் பாருங்கள். சிலருக்கு நேர்மாறாக, கெட்டி உருண்டைதான் இறங்கும். பிடித்த உணவுக்குப் பக்கத்தில் அரைக் கரண்டி, தொட்டுப் பார்த்தால் போதும். வாயைப் பிடித்து ஊட்டினால் அந்த உணவு ஆண்டுக்கணக்கில் வெறுத்துப்போகும். புது உணவைப் பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகே வாங்கிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. மாதாமாதம் எடுக்கும் எடை ஏறாமல் நின்றால், அல்லது எல்லா உணவுக்கும் குமட்டினால், மருத்துவரிடம் அனுப்புங்கள்.

ஆசிரியர் பயிற்சி மாணவி, மதுரை: சுபாவத்தை மையமாக வைத்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டம் எங்காவது முறையாக நடந்து, சோதித்துப் பார்க்கப்பட்டிருக்கிறதா?

உண்டு. நியூயார்க் பல்கலைக்கழகத்தின் சாண்டி மெக்லௌரி உருவாக்கிய ‘இன்சைட்ஸ்’. ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் வாரம் இரண்டு மணி நேரமாகப் பத்து வாரம். அதே வாரங்களில் வகுப்பில் பிள்ளைகளுக்கு நான்கு கைப்பொம்மைகள்: தயங்குகிற கொரெட்டா, எல்லோரோடும் ஒட்டிக்கொள்கிற ஃபிரெட்ரிகோ, சிடுசிடுக்கிற கிரெகரி, கருமமே கண்ணான ஹிலாரி. கடலூர் வாசகிக்குச் சொன்ன மூன்று விதப் பதில்கள் இந்தத் திட்டத்தின் வழிமுறைதான். நியூயார்க்கின் ஏழைக் குடும்பப் பிள்ளைகள் படிக்கும் 22 பள்ளிகளில் சோதித்தபோது, கூச்ச சுபாவப் பிள்ளைகள் கணக்கிலும் ஆராய்ந்து சிந்திப்பதிலும், திட்டம் இல்லாத பள்ளிகளின் கூச்சப் பிள்ளைகளைவிட வேகமாக முன்னேறினார்கள். எங்களுக்கு முக்கியமாகப் படுவது அந்தப் பத்து வாரம். ஒரே நாள் கருத்தரங்கில் பேச்சுப் பழக்கம் மாறாது.

பொம்மைகளை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் மையங்களின் ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தில் கதைக்கும் பொம்மலாட்டத்துக்கும் இடம் இருக்கிறது. பழைய சாக்ஸில் ஆமை, அணில், கோழி செய்து, ‘ஆமைக்கு ஓட்டுக்குள்ளிருந்து எட்டிப் பார்க்க நேரம் வேணும், நாம என்ன செய்யலாம்?’ என்று பிள்ளைகளையே கேளுங்கள். ஆனால் ‘நம்ம ஆமை வந்துட்டா’ என்று யாரையும் சுட்டிவிடாதீர்கள். அன்றே அது பட்டப்பெயராகிவிடும்.

பாட்டி, திருநெல்வேலி: பேரன் எதற்கெடுத்தாலும் உச்சஸ்தாயியில் அழுகிறான். மருமகள் வளர்ப்பு சரியில்லை என்கிறார்கள் உறவினர்கள். என் மகனும் சின்ன வயதில் இப்படித்தான் அழுதான். பிறவிக் குணமா, வளர்ப்பா?

அம்மா, உங்கள் ஞாபகமே பாதி பதில். சுபாவத்தில் மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டில் 20 முதல் 60 சதவீதம் வரை மரபணு சார்ந்தது என்று ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. மீதி சூழலைப் பொறுத்தது. சத்தமாக அழுவது அவன் கொண்டுவந்தது. அழுதபின் எப்படி அடங்குவது என்பதை உங்கள் வீடு கற்றுக்கொடுக்கலாம். உறவினர்கள் பேசும்போது மருமகளுக்காக, “இவங்க அப்பாவும் இப்படித்தான்” என்று நீங்கள் சொல்லுங்கள். பேரன் காதில் விழும்படி “இவன் அழுமூஞ்சி” என்று யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிப் பணியாளர், விழுப்புரம் மாவட்டம்: 22 பிள்ளைகள். ஒவ்வொருவர் சுபாவத்துக்கும் ஏற்ப நடக்க வேண்டும் என்றால் எனக்கு இருபது கை வேண்டும். எங்கிருந்து தொடங்குவது?

22 பேருக்கும் தனித்தனி ஏற்பாடு தேவையில்லை. அறையில் மூன்று மாற்றங்கள் செய்தால் பலருக்கும் பொருந்தும். ஒரு மூலையில் துணி தொங்கவிட்டுப் பாயும் இரண்டு பொம்மையும் வைத்த அமைதி இடம். அதைத் தண்டனை மூலையாக மட்டும் மாற்றிவிடாதீர்கள். அடுத்து, நாளின் வரிசையைப் படமாக வரைந்து பிள்ளைகளின் கண் மட்டத்தில் ஒட்டுங்கள். மாற்றம் பிடிக்காத பிள்ளைகளுக்கு அடுத்தது என்ன என்று தெரிந்தாலே பாதிப் பதற்றம் போகும். மூன்றாவதாக, ஒவ்வொரு வேலை மாறும்போதும் ஒரே பாட்டு, தினமும் அதே பாட்டு.

இவை பழகிய பின் தனிக் கவனத்துக்கு ஒரு நேரத்தில் இரண்டு பிள்ளைகளை மட்டும் எடுங்கள். சத்தம் போடுகிறவர்கள் தாமாகவே உங்கள் கண்ணில் படுவார்கள். படாதவர்கள் யார் என்று கண்டுபிடிக்க ஒரு வழி: மாலை மையத்தைப் பூட்டும் முன் பதிவேட்டைப் பார்க்காமல் 22 பெயர்களையும் எழுதுங்கள். எழுதி முடித்ததும், கடைசியாக நினைவுக்கு வந்த மூன்று பெயர்களுக்கு எதிரே, இன்று அவர்களிடம் நீங்கள் பேசியது என்ன என்று குறியுங்கள். எதுவும் எழுத வராவிட்டால் நாளைக் காலை வாசலில் அந்த மூவரை முதலில் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.